திரும்பி வந்த வரிப்பணம்

11 ஜூலை 2025, வெள்ளி

மூன்றாவது பீரியட் வகுப்பு இல்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தேன். கடைசியில் ஓடிபி கேட்டது. என் ஆதாரில் இருப்பது வீட்டுக்காரர் சௌந்தரின் செல் நம்பர். ஆதார் எடுத்த காலத்தில் வீட்டுக்கே ஒரு செல்தான். மாற்ற வேண்டும் என்று வருடா வருடம் நினைத்ததோடு சரி.

அவர் வேலை பார்க்கும் சோமனூருக்குப் போன் போட்டேன். பின்னால் தறிச் சத்தம். "இரு, வெளிய வர்றேன்" என்று கத்தினார். பிறகு ஒவ்வொரு எண்ணாகத் தெலுங்கில் சொன்னார். தொம்மிதி. மூடு. எனிமிதி.

வீட்டில் நாங்கள் தெலுங்கு. பிள்ளைகள் இல்லை, அந்தப் பேச்சு எங்கள் இரண்டு பேருக்குள்தான். அவர் பிழைக்கப் போன பிறகு போனில் மட்டும். இங்கே தமிழில் எழுதுகிறேன், தெலுங்கு எழுதத் தெரியாது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

ரீபண்டு முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் என்று காட்டுகிறது. தறி ஷெட் என் பெயரில். பெண்கள் பெயர் என்றால் லோனுக்கு வட்டி குறைவு என்று என் கையெழுத்தில் எடுத்தது, ஓட்டியது அவர். நூல் கொடுத்த கம்பெனி ஒவ்வொரு கூலி பில்லிலும் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் கொடுத்தது. ஷெட் நஷ்டத்தில் மூடியதால் கட்ட வேண்டிய வரியே இல்லை. ஆகவே பிடித்தது திரும்பி வரும். தோற்றதற்கு ஒரு ரொக்கப் பரிசு.

மஞ்சக் கடுதாசி கொடுத்ததும் என் பெயரில்தான். போன மாதம் திவால் என்று கோர்ட் ஆர்டர் வந்தது. எம்.எஸ்சி., எம்.பில்., இன்சால்வென்ட்.

13 ஜூலை, ஞாயிறு

ரீபண்டு விஷயத்தை அவரிடம் சொன்னேன். எவ்வளவு என்று மறுபடி கேட்டார். பிறகு, "ரெண்டு தறி குத்தகைக்கு எடுத்துட்டு ஊருக்கே வந்துர்றேன்" என்றார்.

இத்தனை நாளில் வருவதைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல்முறை.

19 ஜூலை, சனி

வக்கீல் தனுஷ்கோடியிடம் ரீபண்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்துத்தான் போனேன். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"அது உங்க காசு இல்ல மேடம். ஆர்டர் ஆயிருச்சுல்ல? பழைய பாக்கி எது வந்தாலும் கோர்ட்டு போட்ட ரிசீவர் கைக்குத்தான் போகணும். அவுக பிரிச்சுக் கடன்காரவுகளுக்குக் குடுப்பாக."

"என் பெயருக்குத்தானே வருகிறது?"

"உங்க பேருக்கு வர்றதுனாலதான் மேடம்." சிரித்தார். "மறைச்சீகன்னா, நாளைக்குக் கடன்லருந்து விடுதலை கேட்டு மனுப் போடையில கழுத்தப் பிடிப்பாக. நான் எதையும் கேக்கல, நீங்களும் சொல்லல. யோசிச்சுக்கோங்க."

கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்லவும் ஃபீஸ் வாங்குகிறார்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சௌந்தர் வந்தார். மதுரை பஸ் காரியாபட்டியில் பஞ்சராகி, வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. யாரோ ஒருவருடைய தறியின் பஞ்சு. துடைத்துவிடக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். ஏன் நிறுத்தினேன்?

சாப்பிட்டுவிட்டு அவரே தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். விருந்தாளிபோல.

வக்கீல் சொன்னதைச் சொன்னேன்.

"அது தறி ஓடினப்பப் பிடிச்ச காசு. ஓட்டினது நான்."

"கையெழுத்து என்னோடது."

"கையெழுத்து மட்டும்தான் உன்னோடது, லட்சுமி."

 உண்மைதான்.

"அம்பத்திரண்டு வயசுல அடுத்தவன் ஷெட்டுல அறுந்த இழைய முடிஞ்சுக்கிட்டு நிக்கேன். நேத்து வந்த பொடிப்பய, 'ஏ பெரிசு, அந்தத் தறி நிக்குது பாரு'ங்கறான். என்னைய வரச் சொல்றியா, இல்லையா?"

வாங்க என்று சொல்ல வேண்டியதுதானே? தங்கமாரியின் முகம் வந்து நின்றது. எங்கள் ஷெட்டில் தறிக்கு நூல் தார் சுற்றியவள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த சீட்டுப் பணத்தை நூல் வாங்க இவரிடம் எடுத்துக் கொடுத்தவள். அவள் பெயரைச் சொன்னேன்.

"தறி ஓடட்டும். முதல்ல அவளுக்குத்தான் குடுப்பேன்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். நான்தான் நம்பவில்லை. நம்பாததை முகத்தில் பார்த்துவிட்டார்.

அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். புருவத்துப் பஞ்சு அப்படியே இருந்தது.

20 ஆகஸ்ட், புதன்

பணம் வந்துவிட்டது.

22 ஆகஸ்ட், வெள்ளி

ரிசீவர் ஆபீஸ். கடன்காரர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். தங்கமாரி திருச்சுழி பஸ்ஸில் வந்து இறங்கி, வராண்டா பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"ஏன் டீச்சர், மஞ்சக் கடுதாசி மஞ்சக் கடுதாசின்னு ஊரே சொல்லுது. எனக்கு வந்தது வெள்ளப் பேப்பரால்ல இருக்கு. அதுலயுமா ஏமாத்து?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு, "முதலாளி நல்லாருக்காகளா?" என்று கேட்டாள். அதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

உள்ளே, வேறு வரவேண்டிய பணம் ஏதாவது உண்டா என்று ரிசீவர் கேட்டார். குனிந்து எழுதிக்கொண்டே, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி.

உண்டு என்றேன்.

23 ஆகஸ்ட், சனி

சௌந்தர் போனை எடுக்கவில்லை. "கட்டிவிட்டேன்" என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். இரண்டு நீல டிக். அவ்வளவுதான்.

16 செப்டம்பர், செவ்வாய்

பழைய வருடக் கணக்குக்கு வரி ஆபீஸில் ஏதோ விளக்கம் கேட்டிருந்தார்கள். பதில் அனுப்ப மறுபடி ஓடிபி. இந்த முறை எடுத்தார். தறிச் சத்தம் இருந்தது, வெளியே வரவில்லை.

"எழுதிக்கோங்க" என்றார். ஏழு. நாலு. ஒண்ணு. தமிழில்.

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களோ என்று முதலில் நினைத்தேன். சாப்பிட்டீர்களா என்று தெலுங்கில் கேட்டேன்.

"நம்பர மாத்திக்கோங்க. வேல நேரத்துல போன் வந்தா இங்க சத்தம் போடுறாக."

எழுதிக்கோங்க. மாத்திக்கோங்க. கடைக்கு வந்த ஆளிடம் பேசுவதுபோல. சண்டை போட்டிருக்கலாம். படிச்ச திமிருன்னு சொல்லியிருக்கலாம். தெலுங்குல நல்லா நாலு வார்த்த வஞ்சிருக்கலாம்ல என்னைய — கேட்டுக்கிட்டு நின்னுருப்பேனே —

17 செப்டம்பர், புதன்

கல்லூரிக்குப் போகவில்லை.

14 நவம்பர், வெள்ளி

மல்லாங்கிணறு பக்கம் நல்ல மழையாம். இங்கே தூறலோடு நின்றுவிட்டது. சாயங்காலம் தங்கமாரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"பங்கு வந்துருச்சு டீச்சர். பேங்க்கு, நூல் கம்பெனி எல்லாம் அள்ளுனது போக எனக்குன்னு வந்தது, நான் ஆபீசுக்கு அலைஞ்ச பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாப் போச்சு."

காபி கொடுத்தேன். ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

"இதுக்கு நீங்க மறைச்சே வச்சிருக்கலாம். முதலாளியாச்சும் ஊர்ல இருந்திருப்பாக. ரெண்டு தறி ஓடுனா எனக்கும் வேல இருந்திருக்கும்."

கோபமில்லாமல் சொன்னாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தப்புன்னு சொல்லல டீச்சர்" என்றாள். சரி என்றும் அவள் சொல்லவில்லை.

20 டிசம்பர், சனி

போஸ்ட் ஆபீசில் ஆதாருக்கு நம்பர் மாற்றினேன். கட்டைவிரலை வைத்தால் ரேகை விழவில்லை. "என்ன மேடம், பாத்திரம் தேச்சே அழிச்சிட்டீகளா?" என்றாள் கவுண்டர் பெண். சாக்பீஸ் என்றேன். கடைசியில் விழுந்தது.

சௌந்தருக்குத் தெரிவிக்கவில்லை. இனி போன் வராதபோது அவருக்கே தெரிந்துவிடும்.

2 ஜனவரி 2026, வெள்ளி

பேங்க் வேலை ஒன்றுக்கு ஆதார் ஓடிபி கேட்டார்கள். என் செல்லுக்கே வந்தது. கண்ணால் பார்த்து அடித்தால் போதும். வீட்டில் யாரும் இல்லை. ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தேன்.

ஏடு. மூடு. எனிமிதி. ஒகட்டி. மூடு. தொம்மிதி.

பிறகு எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.