தப்பான பக்கத்தில் எழுதிய பெயர்

அக்கா,

நேற்று சுகாதார நிலையத்தின் பழைய அலமாரியை ஒழித்தபோது அடியில் ஒரு நீல அட்டைப்பெட்டி கிடைத்தது. காசநோய் இரண்டாம் முறை வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் எட்டு மாத மருந்தையும் அப்படித்தான் பெயர் எழுதிப் பெட்டியாக வைத்துக் கொடுத்தோம். காலிப் பெட்டிதான். உங்கள் பெயர்கூட அதில் இல்லை. ஆனாலும் அதற்குமேல் அலமாரியைத் தொடவில்லை. மீதியை வேறு ஒருத்தியிடம் விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் நாம் பழகினோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பு பிரிக்கிற வேலை உங்களுக்கு. ரத்தம் எடுத்துப் போகிற வேலை எனக்கு. நுரையீரலில் காசநோய் வந்து ஆறியவர்களில் சிலருக்கு மட்டும் பிறகு அங்கேயே புற்றுநோய் வருகிறதே, அதற்கு மரபணுவில் பிறவியிலேயே ஏதாவது காரணம் உண்டா என்று பார்க்கிற ஆய்வு. இதை உங்கள் தெருப் பெண்களுக்கு நான் விளக்கிய அழகில் ஒருத்தியும் கை நீட்டவில்லை. போதாக்குறைக்கு அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து உப்பே எடுத்துக் கொடுக்காதவர்கள் ரத்தமா கொடுப்பார்கள்? நீங்கள்தான் முதலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

"கம்பெனிக்காரன் வெள்ளிக்கெழமைன்னு நம்ம ரத்தத்த உறிஞ்சாம உட்டுட்டானா? எடுடி, நாஷ்டா துன்னுட்டுத்தான் வந்துக்கிறேன்."

தெருவே சிரித்தது. அதன் பிறகு வரிசை நின்றது.

அதற்குப் பத்து வருடம் முன்பே உங்களுக்குக் காசநோய் வந்து குணமாகியிருந்தது. அதனால் என் நோட்டில் 'காசநோய் வந்தது, புற்றுநோய் இல்லை' என்ற பக்கத்தில் முதல் பெயர் உங்களுடையது. நானே எழுதினேன். தன் கையால் எழுதியதை மனிதர்கள் எப்படி நம்பிவிடுகிறார்கள், அக்கா!

மறு வருடம் இருமலில் ரத்தம் வந்தபோது என்னிடம்தான் வந்து சொன்னீர்கள். சளியில் கிருமி இல்லை என்று இரண்டு முறை முடிவு வந்தது. எக்ஸ்ரேயில் பழைய இடத்திலேயே நிழல். கிருமி இல்லாமல் நிழல் மட்டும் இருந்தால் சென்னைக்கு அனுப்பிப் புற்றுநோயா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். இந்த இரண்டு நோய்க்கும் நடுவில் இருக்கிற வழியைத் தேடத்தானே எனக்குச் சம்பளமே! ஆனால் நான் நோட்டின் பக்கத்தை நினைத்தேன். பீடி சிகரெட் பழக்கம் இல்லாத பெண்பிள்ளை என்றும் நினைத்தேன். "பழசுதான் திரும்பி வந்துக்குதுக்கா, மருந்த உடாம போட்டுக்கினு வா" என்றேன். டாக்டரும் தலையசைத்தார். நீலப் பெட்டி வந்தது. ஊசிக்கு ஒருமுறைகூட நீங்கள் தவறவில்லை. ஐந்து மாதம் போயிற்று. சேலை இடுப்பில் நிற்கவில்லை.

கடைசியில் சென்னையில் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். அறுவை செய்கிற கட்டம் தாண்டிவிட்டது. கட்டிலருகே நின்ற என்னைக் கேட்டீர்கள்: "அன்னிக்கு எடுத்தியே ரத்தம், அதுல அப்பவே இது இருந்திச்சா?"

"அது வியாதிய காட்டுற டெஸ்ட் இல்லக்கா. அத இன்னும் யாரும் பாக்கவே இல்ல. ஐஸ்லதான் கீது. நெறைய பேரு ரத்தம் சேந்தாதான் பாப்பாங்க."

"அப்ப இன்னாத்துக்குடி அவ்ளோ அவசரமா எடுத்த?"

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை.

நீங்கள் போன பிறகு ஆய்வு மேலதிகாரி உங்கள் பெயரை 'புற்றுநோய் வந்தது' என்ற மற்றப் பக்கத்துக்கு மாற்றச் சொன்னார். "ஆய்வுக்கு இந்த மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம்மா" என்றார். கெட்டவர் இல்லை, அவர் வேலை அப்படி. மாற்றினேன். அந்த ஆய்வில் என்ன தெரியவந்தது என்பது என்வரைக்கும் வந்து சேரவே இல்லை.

அதுகூடப் போகட்டும். என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வேறு. கடைசி வாரம் உங்கள் மகள் அழுதபோது அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்: "நான்தான் கண்ணு லேட் பண்ணிட்டேன். வேல வேலன்னு ஒடம்ப பாக்காம உட்டுட்டேன். இந்தப் பொண்ணு இல்லாங்காட்டி இம்மாந்தூரம்கூட வந்திருக்க மாட்டேன்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் வாய் திறக்கவில்லை. உங்கள் மகள் அதை அப்படியே நம்பியிருக்கிறாள். இன்றும் பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டால் கும்பிடுகிறாள். நானும் பதிலுக்குக் கும்பிடுகிறேன்.

இல்லை அக்கா. நீங்கள் தாமதம் செய்யவில்லை. இருமிய முதல் வாரமே வந்தீர்கள். என்னிடம் வந்தீர்கள்.