வியாழன் மாலைகளில் பூட்டியிருக்கும் கார்

ஒலாவரியா,
ஆகஸ்டு, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஃபெர்மினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, மலேனா, நான் மூவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கடலுக்கு அப்பால் நீ இருக்கும் வீகோவில் இப்போது நல்ல கோடையாக இருக்கும். இங்கே காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன், எலுமிச்சை மரம் பாதி கருகிவிட்டது, ஆய்வகத்தில் இரண்டு பேர் விடுப்பில் போனதால் இரத்த மாதிரிகள் என் மேசையில்தான் குவிகின்றன. உடம்பளவில் என்று நான் எழுதியதை நீ கவனித்திருப்பாய். தொலைபேசியில் நீ கேட்கும்போதெல்லாம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் சமையலறையில் பேசுவது உன் தங்கையின் கட்டிலுக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

மலேனா சேர்ந்திருக்கும் அந்தக் குழுவைப் பற்றிப் போன மாதம் நீ என்னிடம், விடும்மா, இப்போது எல்லா ஊரிலும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் செய்கிறார்கள் என்றாய். எல்லா ஊரிலும் செய்கிறார்கள் என்பது எனக்கு ஒரு காரணமாகத் தோன்றவில்லை. மார்ச்சில் அவளை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு, உயிருக்கு ஆபத்தில்லை என்று அவர்கள் சொன்ன அந்தக் காலையிலிருந்து, நான் எதையும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டிலிருந்த மாத்திரைகள் எல்லாம், அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை உட்பட, என் ஆய்வக அலமாரியில் பூட்டில் இருக்கின்றன. மருத்துவர் மருந்தோடு சேர்த்து இந்தக் குழுவையும் பரிந்துரைத்தார். வாரத்துக்கு ஒருமுறை, வியாழன் மாலை, நாட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து அவள் வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் திரையில் கூடிப் பேசுவார்கள், ரோமினா என்ற உளவியலாளர் கூட இருப்பாள். ஊர் தெரியும், முதற்பெயர் தெரியும், மற்றபடி யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாது. ஆய்வகத்தில் ஒரு கிண்ணத்தில் வளரும் கிருமி பக்கத்துக் கிண்ணத்துக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையில் பாதி. இங்கே நோயாளிப் பிள்ளைகளை வேண்டுமென்றே ஒன்றாக உட்கார வைக்கிறார்கள். குணமாகிறது என்பதை எதைக்கொண்டு அளக்கிறீர்கள் என்று ரோமினாவிடம் கேட்டேன். அதை விட்டு அவள் விதிகளைத்தான் சொன்னாள். பிள்ளைகள் அங்கே பேசுவது பெற்றோருக்கு வராது, ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உடனே தெரிவிப்பேன் என்றாள். நான் சம்மதித்தேன், நம்பி அல்ல, வேறு வழி தெரியாமல்.

குழுவின் முதல் விதி, ஒவ்வொருவரும் தனியாக, கதவு மூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்பது. நம் வீட்டில் அப்படி ஓர் இடம் கிடையாது, அதனால் அவள் காரைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமைகளில் மட்டும் நான் பேருந்தில் வேலைக்குப் போகிறேன். வியாழன் மாலை ஆனால் போர்வையும் போனுமாகக் கார் நிற்கும் திறந்த கொட்டகைக்குப் போய், ஸ்டியரிங்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வாள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் முகத்தில் விழும் வெளிச்சம் மட்டும் தெரியும். அழுதால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அவள் சிரித்ததுதான் என்னை உறுத்தியது. எங்கள் மேசையில் உப்பை எடு என்பதற்குமேல் பேச்சு இல்லை, அங்கே முன்பின் தெரியாதவர்களோடு சிரிப்பு. ஒருநாள் அப்படி என்ன வேடிக்கை என்று கேட்டுவிட்டேன். "ஏன், அதையும் ஒரு குழாய்ல புடிச்சுட்டுப் போய் டெஸ்ட் பண்ணப் போறியா?" என்றாள். இன்னொரு நாள் வாய்தவறி, சால்தாவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கும் சாப்பாடு இறங்குவதில்லை என்றாள். அதே வாரம் இவளும் தனக்குப் பிடித்த இறைச்சி வறுவல் மிலனேசாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். நான் பயந்தபடியே பரவுகிறது என்று எண்ணிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் தட்டையும் பார்த்தேன், குளியலறையில் எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்றும் பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

போன வாரத்துக்கு முந்தைய வியாழன், நான் இன்னும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அப்பா சிமெண்டு ஆலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். அன்று வியாழன் என்பது அவர் நினைவில் இல்லை. உனக்கு அவரைத் தெரியும், நிற்கிற காரில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தால் அவருக்குப் பொறுக்காது, இந்த ஊரில் யாருக்குத்தான் பொறுக்கும். பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி, மாத்தே குடுவையில் இலையைப் போட்டு, உறிஞ்சுகுழாயைச் செருகி, நேரே போய்க் கார்க் கதவைத் திறந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் திரையில் சால்தாப் பெண் அழுதுகொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாலை வணக்கம் சொல்லிவிட்டு, கையிலிருந்த குடுவையை அப்படியே போனை நோக்கி நீட்டி, "அழாதம்மா, இந்தா, சூடா ஒரு வாய் குடி" என்றாராம். அந்தப் பெண்ணின் முகம் திரையிலிருந்து மறைந்துவிட்டது. ரோமினா மரியாதையாக அவரை வெளியே போகச் சொன்னாள். நான் வந்தபோது மாத்தே ஆறிப்போய் அவர் முன்னால் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை விவி, ஒன்றும் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முகத்தைப் பார்த்தால் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. என்ன கேட்டார் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ரோமினா போனில் கூப்பிட்டாள். சால்தாவில் அந்தப் பெண்ணின் வீட்டாரோடு பேசிவிட்டதாகவும், அவள் பத்திரமாக இருப்பதாகவும், ஆனால் இனிக் குழுவுக்கு வரமாட்டேன் என்கிறாள் என்றும் சொன்னாள். மலேனாவின் இடத்தைப் பற்றிக் குழுவே பேசி முடிவெடுக்கும், அதற்கு முன் அவள் தொடர்வதில் எங்களுக்கு விருப்பமா என்று தெரிய வேண்டும் என்றாள். உண்மையைச் சொல்கிறேன் ஃபெர்மின், எனக்கு நிம்மதியாக இருந்தது. போதும், இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மலேனா வெறுங்காலோடு என் எதிரே வந்து நின்றாள். தன் இடத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. "பத்திரமா இருக்கான்னா என்னம்மா அர்த்தம்? கூட யாராவது இருக்காங்களா? அதை மட்டும் கேளு" என்றாள். கேட்டேன். அவளுடைய அத்தை கூடவே இருக்கிறாள் என்று ரோமினா சொன்னாள். அதை நான் சொன்ன பிறகுதான் மலேனா உட்கார்ந்தாள், தன் கட்டிலில் இல்லை, சமையலறையில், எங்களோடு.

அப்பா மலேனாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் கேட்டு என்ன, அந்தப் பெண்ணிடம் கேள் என்றாள். ரோமினா மூலமாக ஒரு குரல்செய்தி அனுப்பலாம் என்று மறுநாள் அனுமதி கிடைத்தது. போனில் பேசுவதென்றால் காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்துகிற மனிதர், பதிவு செய்வதும் அழிப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் அழாதே என்றுதான் ஆரம்பித்தார். மலேனா நிறுத்தினாள். "அப்பா, அழாதன்னு சொல்லாத. அதைத்தான் எல்லாரும் எங்ககிட்ட சொல்லிட்டே இருக்காங்க" என்றாள். கடைசியில் அவர் அனுப்பியது சின்னதுதான். "நான் மலேனாவோட அப்பா. கதவைத் தட்டாம வந்தது என் தப்பு. நான் கேட்டது என்னோடயே இருக்கும். நீ உன் இடத்துக்குத் திரும்பி வாம்மா. அந்த நேரத்துல நான் தெருவுலயே இருக்கமாட்டேன்."

அடுத்த சில நாட்கள் பதில் இல்லை. அந்த நாட்களில் நான் கண்டதை எழுதுகிறேன், அதிலிருந்து முடிவு எதையும் எடுக்கவில்லை. தனக்காகக் கட்டிலைவிட்டு எழாத பெண், காலையில் எனக்கு முன்னால் எழுந்து போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொட்டியைச் சுட்டு அப்பாவுக்கும் ஒன்று வைத்தாள். எனக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் திரும்பி வராவிட்டால், அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இவள் என்ன ஆவாள்? ரோமினாவைக் கூப்பிட்டு அதையே கேட்டேன். அவள், "தெரியல விவியானா. என்னால உத்தரவாதம் தர முடியாது. அப்படி ஏதாவது நடந்தா, அவ தனியா இருக்காம பாத்துக்க முடியும், அவ்வளவுதான்" என்றாள். மார்ச்சிலிருந்து நான் சந்தித்த மருத்துவர்களும் ஆலோசகர்களும் எல்லாம் தெரிந்த குரலில்தான் பேசினார்கள். தெரியவில்லை என்று சொன்னது இவள் ஒருத்திதான். அன்றைக்கு அவள்மேல் எனக்கு இருந்த சந்தேகத்தில் கொஞ்சம் குறைந்தது. குழுவின்மேல் இருப்பது குறையவில்லை.

செவ்வாயன்று சால்தாவிலிருந்து செய்தி வந்தது. வருகிறாளாம். ஒரு நிபந்தனை, பேச ஆரம்பிக்கும் முன் மலேனா போனைச் சுற்றிக் காட்டி, காரின் நான்கு கதவுகளும் பூட்டியிருப்பதைக் காண்பிக்க வேண்டுமாம். மலேனா இருக்கட்டும் என்று மற்ற பிள்ளைகளும் சொல்லிவிட்டார்கள். எங்கள் சம்மதம் மட்டும்தான் பாக்கி. அப்பா எப்போதோ சரி என்றுவிட்டார். புதன் மாலை நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்து மேசையில் சாய்ந்து நின்றாள்.

"நீ இன்னும் இதை நம்பல, இல்ல?" என்றாள்.

"நம்பல" என்றேன். அவளிடம் பொய் சொல்லக் கூடாது என்று மார்ச்சில் முடிவு செய்திருந்தேன்.

"பரவால்ல. நீ நம்ப வேணாம். எங்கிட்டேருந்து புடுங்கிடாத, அது போதும்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரிலேயே ரோமினாவைக் கூப்பிட்டுச் சம்மதம் சொன்னேன். வியாழன் அன்று நானும் அப்பாவும் ஓடைக்கரையில் குளிரில் நடந்தோம். அவர் வழியெல்லாம் ஆலையைப் பற்றிப் பேசினார், நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது காரில் விளக்கு அணைந்திருந்தது. அவள் அடுப்படியில் நின்று, மீதமிருந்த பூசணிக்காயைப் பாத்திரத்திலிருந்தே தின்றுகொண்டிருந்தாள். சால்தாப் பெண் வந்தாளா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அவள் உன்னைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வாள். சொன்னால் கேட்டுக்கொள், குறுக்கே அறிவுரை சொல்லாதே, அழாதே என்றும் சொல்லாதே. அவள் உயிரைப் பற்றிப் பயப்படும்படி ஒரு சொல் வந்தால், எந்த வேளையானாலும், நீ எங்கே இருந்தாலும், அந்த நிமிடமே என்னைக் கூப்பிடு. மற்றது எதையும் எனக்குச் சொல்லாதே, நானே கேட்டாலும் சொல்லாதே. நான் கட்டாயம் கேட்பேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல மனத்தோடும் இருக்க என் ஆசிகள். கண் பரிசோதனைக்குப் போவதை இனியும் தள்ளிப்போடாதே. அப்பா உன்னை அணைத்துக்கொள்வதாக எழுதச் சொன்னார்.

அன்புடன்,
உன் அம்மா
விவியானா