உச்சியில் தெரிந்த வெளிச்சம்

தோஸ்த்,

இன்று காலை பட்டறையில் யாரோ எமரி பேப்பரை மண்ணெண்ணெயில் நனைத்து அலுமினியத்தைத் தேய்த்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நான் எழுந்து வெளியே போய்விட்டேன். டீ குடிக்கப் போவதாகச் சொன்னேன். உண்மையில் உன்னிடமிருந்துதான் ஓடினேன். நீ போய் எட்டு மாதமாகிறது, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ராணிப்பேட்டையில் இந்தப் பட்டறைக்கு நாம் இருவரும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தோம். நான் புரோகிராம் எழுதிக் கொடுத்தால் அதன்படி உலோகத்தை வெட்டும் சி.என்.சி. மில்லிங் மிஷினில், நீ தேய்த்து மெருகேற்றும் ஃபினிஷிங் மேஜையில். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு ஷூவின் மூக்கை வளைத்துக் கொடுக்கும் அலுமினிய அச்சுகள் செய்தோம். டோம் என்போமே, அச்சு அப்படிக் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல வழவழவென்று இருக்க வேண்டும். அதன்மேல் தோலைச் சூட்டோடு அழுத்துவார்கள். அச்சில் மெல்லிய கோடு இருந்தாலும் தோலில் பதிந்துவிடும். மிஷின் எவ்வளவு நெருக்கி ஓடினாலும் வரி வரியாகத் தடம் விட்டுத்தான் போகும். அவசரம் என்றால் நான் அந்த வரிகளை இன்னும் அகலமாகவே விட்டுவிடுவேன். தேய்க்கத்தான் நீ இருக்கிறாயே.

"மிஷினு உனக்கு வேலை செய்யுது, நான் மிஷினுக்கு வேலை செய்றேன்" என்று சிரிப்பாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாய். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று உன் கை சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் அளந்து பார்த்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஆர்டருக்காக நாம் செய்த சாம்பிள் அச்சைப் பார்க்க ஆம்பூரிலிருந்து வந்தவர், வளைவு சரியா என்று பார்க்கும் தகட்டை அதன்மேல் வைத்தார். தகடு பக்கங்களில் முட்டிக்கொண்டு நின்றது, உச்சியில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. ஆர்டர் வேறு இடத்துக்குப் போகும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது. முதலாளி முதலில் என்னைத்தான் கேட்டார். நான் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் சொன்னேன்: "புரோகிராம் கரெக்டா இருக்கு சார். இவன்தான் மேல ஜாஸ்தி தேய்ச்சிட்டான்."

நீ அச்சைக் கையில் எடுத்தாய். உச்சியைத் தடவினாய். நெடுநேரம் தடவினாய். "இருக்கும் சார்" என்றாய்.

அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். என் பக்கம் சொல்லிக்கொள்ள அந்த ஒன்றுதான் இருக்கிறது.

மறுநாள் காலை அடுத்த வேலைக்காக மிஷினிலிருந்து வெட்டும் கட்டரைக் கழற்றினேன். பன்னிரண்டு எம்.எம். உருண்டை முனைக் கட்டருக்கு எழுதிய புரோகிராம் அது. கழற்றியபோது கையில் இருந்ததோ பத்து. முந்தைய வேலைக்குப் போட்டதை மாற்ற மறந்து அப்படியே ஓட்டியிருக்கிறேன். கட்டரின் நுனியை வைத்து உயரம் எடுப்பதால் உச்சியில் அளவு சரியாகவே வந்துவிடும். சரிவுகளில்தான் வெட்டுப்படாமல் அலுமினியம் மிச்சம் நிற்கும். தகடு பக்கங்களில் முட்டியது அதனால்தான். பார்க்கிறவர்களுக்கு உச்சியைத் தேய்த்தே தின்றுவிட்டது போலத் தோன்றியிருக்கிறது. முந்தின நாளே மைக்ரோமீட்டரை எடுத்து உச்சியை அளந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் எடுக்கவில்லை.

சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி முதலாளி அதற்குள் உன்னிடம் சொல்லிவிட்டிருந்தார். அப்போதும் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் உன்னோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், உன் டப்பாவிலிருந்து கறி எடுத்துத் தின்றேன். வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன். என்னைச் சூப்பர்வைசர் ஆக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

பிறகு ஒருமுறை ஒரு ஷூ கம்பெனிக்கு அச்சு கொடுக்க ஆம்பூர் போனபோது அங்கே பேக்கிங் பிரிவில் உன்னைப் பார்த்தேன். ஷூவுக்குள் காகிதம் திணித்துக்கொண்டிருந்தாய். ஃபினிஷிங் வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்க எனக்கு வெட்கமில்லாமல் போனது. நீ வாசல் வரை கூட வந்தாய். அங்கே நின்று கேட்டாய்: "அந்த டோமுல நான் எங்கடா வுட்டேன்? இன்னும் யோசிச்சினே இருக்கேன்."

"விடுடா, பழைய கதை" என்றேன். வண்டி ஏறிவிட்டேன். சொல்வதற்குக் கிடைத்த கடைசித் தருணம் அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்க்கிறேன். தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் உனக்கு மாரடைப்பு என்று போன் வந்தது. அடக்கத்துக்கு வந்தேன். எல்லோரையும் போல நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். குழியோரத்திலிருந்து நான் நகராததைப் பார்த்து உன் தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான். உற்ற நண்பன் என்று நினைத்திருப்பான்.

போன மாதம் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து எதற்கு என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய் உன் மனைவியிடம் சொன்னேன். திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கதவோரம் நின்று முழுவதும் கேட்டார்.

"இத அவங்ககிட்ட சொல்லியிருக்கணும் அண்ணா. அந்த வேலை போனதுலேர்ந்து வூட்ல கண்ணாடி தொடைக்கறதுன்னாகூட என்கிட்டதான் குடுப்பாங்க. தன் கைய நம்ப முடியாதுன்னுவாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேனா என்றுகூட நினைவில்லை.

உன் கையில் ஒரு குறையும் இருக்கவில்லை. நீ தேய்த்த உச்சி மட்டும்தான் அந்த அச்சிலேயே சரியாக இருந்தது. இது இப்போது முதலாளிக்குத் தெரியும், உன் மனைவிக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டிய உனக்குத்தான் தெரியாது.