பொன்னுளை தோற்றதற்காகக் கொற்றனைக் கழுவேற்ற வேண்டா என்று விடுத்த ஓலை

வளம் பெருகுக. மலையும் கடலும் எல்லையாகிய வெண்கோட்டு நாட்டை ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் மாமன்னர் செருவென்ற மாவேள் தேவர் திருவாய் மலர்ந்தருளியபடி, தலைமை அமைச்சன் நக்கன் சாத்தன் எழுதிய ஓலை. பரிமுனைப் பட்டினத்துத் தண்டநாயகர் இருங்கோவரையர் கண்டுகொள்க. உமது துறையில் கலங்கள் குறைவின்றி வந்தணைக. உமது கிணறுகள் கோடையிலும் ஊறுக. உமது இல்லத்தார் நோயின்றி வாழ்க.

நீர் விடுத்த ஓலை அவையில் வாசிக்கப்பட்டது. வேனில் விழாப் பந்தயத்தில் ஒன்பது குதிரைகள் ஓடின என்றும், ஊரார் பெரும்பாலும் அரண்மனைக் குதிரையாகிய பொன்னுளையின் மேலேயே பணயம் வைத்தனர் என்றும், அது மூன்றாவதாக வர, உப்பு வணிகன் ஒருவனின் சாம்பல்நிறப் பெட்டைக் குதிரை வென்றது என்றும் எழுதியிருந்தீர். ஆதலால் பொன்னுளையை ஓட்டிய சேவகன் ஓரி கொற்றன் கையூட்டு வாங்கிக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும் என்றும், வரும் பௌர்ணமியன்று அவனைக் கழுவேற்றப் போவதாகவும் எழுதியிருந்தீர். கொடுத்தவன் யார், கொடுக்கக் கண்டவன் யார் என்பதை மட்டும் எழுத மறந்தீர்.

கேட்டபோது எனக்குச் சினம் வரவில்லை, அயர்ச்சியே வந்தது. ஆண்டுதோறும் விழா முடிந்ததும் உமது பட்டினத்திலிருந்து இப்படி ஓர் ஓலை வருகிறது. சென்ற ஆண்டு புல்லறுப்பவன் நஞ்சிட்டான் என்றீர். அதற்கு முந்தைய ஆண்டு லாடம் அடித்தவன் சூனியம் வைத்தான் என்றீர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பணயம் வைக்கத் தெரியாதவர்க்கோ ஒவ்வோர் ஆண்டும் ஒரு கள்வன் வேண்டியிருக்கிறது.

தண்டநாயகரே, இன்னும் ஒருமுறை சொல்கிறேன். அடுத்த ஆண்டும் சொல்ல எனக்கு மூச்சிருக்குமோ அறியேன். ஒன்பதில் சிறந்தது பொன்னுளை என்பது மெய்யே. ஆயினும் அது வெல்ல வேண்டுமானால் மற்ற எட்டையும் வெல்ல வேண்டும். அது தோற்கவோ, அந்த எட்டில் ஏதேனும் ஒன்றுக்கு அன்று நல்ல நாளாக இருந்தால் போதும். அதுவுமன்றி, ஊர் விரும்பும் குதிரை எதுவென்று உடன் ஓடுகிறவர் அனைவரும் அறிவர். அதன் வழியைத்தான் மறிப்பர். உப்பு வணிகன் குதிரையை மறிக்க எவன் மெனக்கெடுவான்? முந்தின நாள் மழையால் களம் சேறானது என்று உமது ஓலையே சொல்கிறது. பொன்னுளை காய்ந்த மணலில் பழகியது. அந்தப் பெட்டையோ நாளும் உப்பளச் சேற்றில் நடப்பது. ஊரார் இவற்றை எண்ணினாரில்லை. சென்ற ஆண்டு வென்றதே, அரசர் கொட்டிலில் பிறந்ததே, பிடரி பொன்னாக மின்னுகிறதே என்று ஒருவன் வைக்க, அவன் வைத்தான் என்று மற்றவன் வைத்தான். பணயம் கூடக்கூடக் குதிரையின் கால் நீளுமோ? யானைக்கும் அடி சறுக்கும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும்.

நீரும் இரண்டு ஊர்களின் வருவாயைப் பொன்னுளை மேல் வைத்து இழந்தீர் என்று ஒற்றர் கூறினர். மன்னர் கேட்டுச் சிரித்தருளினார். என்னால் சிரிக்க இயலவில்லை. கொற்றனின் மனைவி உமது பட்டினத்திலிருந்து நடந்தே வந்து, தன் கணவன் தோற்றவனே அன்றி விற்றவன் அல்லன் என்று அரண்மனை வாயிலில் நின்று முறையிட்டாள். அவள் கால்கள் வெடித்திருந்தன. அவளை உள்ளே அழைத்துச் சென்று, அவள் முறையீட்டை மன்னர் செவியில் இட்டேன்.

ஆதலால் மன்னர் ஆணையாவது: கொற்றன் குற்றமற்றவன், அவனை விடுவித்து, அவனது பணியை அவனுக்கே அளிக்க.

பௌர்ணமிக்கு நாள் குறைவு. வழியில் ஆறும் காடும் உண்டு. கொட்டிலிலேயே விரைவு மிக்க காற்றன் என்னும் குதிரையில் இவ்வோலையை அனுப்பினால் தவறாது என்று அவையோர் ஒருமுகமாகக் கூறினர். அவர்கள் ஒருமுகமாகக் கூறியதாலேயே எனக்கு அச்சம் மிகுந்தது. ஓர் உயிரை ஒரு குதிரையின் மேல் பணயம் வைக்க என் மனம் துணியவில்லை என்று மன்னரிடம் விண்ணப்பித்து, இதன் படிகளை எழுதுவித்து, காற்றனோடு வேறு எட்டுக் குதிரைகளையும் வெவ்வேறு வழிகளில் விடுத்துள்ளேன். கிழமாயினும் நொண்டியாயினும், முதலில் வந்து சேர்ந்த குதிரை சுமப்பதே மன்னர் ஆணை, மற்றவற்றுக்காகக் காத்திராதீர்.

இது வலம்புரி இலச்சினை பொறித்த ஓலை. வாசித்த இடத்திலிருந்தே எழுந்து, கொண்டுவந்த குதிரையின் வியர்வை உலருமுன் சிறைக்கதவைத் திறப்பீராக.