சூசை கேட்டைத் திறக்கும் நேரம்

சேசு மரி சூசை

ராயபுரம்,
2-2-2025, ஞாயிறு

அன்புத் தங்கை ஜானட்டுக்கு,

நீ அனுப்பிய விளையாட்டுப் பெட்டியைத் திறந்தபோது இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரரான உன் மாமா, எதிர்வீட்டு ரோசி, காத்திவாக்கத்திலிருந்து இறால் கொண்டுவரும் முத்தம்மா. மொத்தம் நான்கு பேர். ரோசியின் பூனையும் வந்தது, அதைச் சேர்க்கவில்லை. இன்னும் வெளிவராததை யார் யார் பார்த்தார்கள் என்று உங்கள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்றாயே, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

எதற்கு அக்கா இந்தக் காலத்தில் தபாலில் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. வாட்ஸாப்பில் ஒரு பக்கம் எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் அனுப்ப முடியாது. உட்கார்ந்து பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று மெழுகுவர்த்தித் திருநாள். காலைப் பூசை முடிந்து, மந்திரித்த மெழுகுவர்த்தியை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பெட்டியில் கை வைத்தேன். ஒயரை எல்லாம் மாமா மாட்டினார். டிவியில் "ஏழாம் நம்பர் கேட்" என்று பெயர் வந்ததும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் நம் முன்னறையில் நீயும் உன் காலேஜ் தோழி ஃபிர்தௌசும் உட்கார்ந்து செய்த விளையாட்டு அல்லவா! அன்று அவள் வரைந்த கடல் புள்ளி புள்ளியாகத் தெரியும். இன்று அலையடிக்கிறது. ஹார்பருக்குள் தம்பியைத் தேடிப் போகிற அந்த மரியாளின் புடவையில் கரை கூடத் தெரிகிறது.

ஒரு திருத்தம். வலை காயப்போடும் கம்பத்தில் அன்று காக்காய் உட்கார்ந்திருந்தது. இப்போது வெள்ளையாக ஏதோ கடல்பறவை உட்கார்ந்திருக்கிறது. ராயபுரத்தில் காக்காய்தான். மாற்றிவிடு.

இப்போது குறைக்கு வருகிறேன். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் சூசையிடம் மாட்டிக்கொண்டோம். ஆறு மணிக்கு மாதா செபத்துக்குக் கோயில் மணி அடித்ததும் அவன் தொப்பியைக் கழற்றி நிற்பான். அந்த நாற்பது நொடியும் நாம் எதையும் தொடாமல் அவனோடு நின்றால் கேட்டைத் திறப்பான், தொட்டால் தொப்பியை மாட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். எனக்குத் தெரியாததா? கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கி நின்றேன். ஆறு தடவை. ஆறு தடவையும் திருப்பிக்கொண்டான்.

"இன்னாக்கா இவன் இவ்ளோ பிகு பண்றான்? ரெண்டு எறாவக் குடு, தொறப்பான்" என்றாள் முத்தம்மா.

"எறா குடுக்கிறதுக்குலாம் பட்டன் இல்லம்மே" என்றார் மாமா. அந்த சூசைக்கு அன்று குரல் கொடுத்ததே அவர்தான் என்று முத்தம்மாவுக்குத் தெரியாது. தெரிந்ததும், "அதான் பார்த்தேன், வூட்லயும் இப்டித்தான் மூஞ்சியத் திருப்பிக்கினு கீறாரு" என்றாள். ரோசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

என்ன பிழை என்று பார்த்து எழுது. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் அக்கா,
ஃப்ளோரன்ஸ்


கோத்தன்பர்க்,
19-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கட்டைவிரல் பேனாவைப் பிடித்திருக்கிறது, போதுமா?

கடல்பறவையைக் காக்காயாக மாற்றச் சொல்லிவிட்டேன். படம் வரைகிற பையன் "காக்காய் சோகமாக இருக்காதா?" என்றான். எங்கள் ஊர்க் காக்காயைப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டாய் என்றேன். மாமாவிடமும் ரோசி அக்காவிடமும் சொல்லுங்கள், நலமாக இருக்கிறேன். நாலு மணிக்கே இருட்டிய காலம் போய் இப்போது ஐந்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. மாதம் ஒரு தமிழ்ப் பூசைக்கும் போய்விடுகிறேன், நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

சூசை விஷயம். உங்களிடம் பிழை இல்லை அக்கா. இங்கேயும் அதே கதைதான். பன்னிரண்டு பேரை உட்காரவைத்து விளையாடச் சொன்னோம், பதினோரு பேர் கேட்டிலேயே நின்றுவிட்டார்கள். பழைய விளையாட்டில் மௌசை விட்டுக் கையை எடுத்துவிடலாம். இந்தக் கன்ட்ரோலரைக் கையில் பிடித்திருக்கிறோம் இல்லையா, பெருவிரலுக்குக் கீழே இருக்கும் குச்சி, நாம் அசைக்கவில்லை என்று நினைத்தாலும் மயிரிழை அசையும். சூசை அதைப் பார்த்துவிடுகிறான். சின்ன அசைவைக் கண்டுகொள்ளாதே என்று அவனுக்குச் சொல்லிவைக்கவும் பார்த்தோம். அப்போது வேண்டுமென்றே மெல்ல நகர்த்துகிறவர்களையும் விட்டுவிடுகிறான்.

எங்கள் மேலாளர் மாயா ஒரு வழி சொன்னாள். மணி அடிக்கும்போது திரையில் ஒரு பட்டன் படம் வரும், அதை அழுத்தினால் மரியாள் கை கூப்புவாள், கேட் திறக்கும். இல்லாவிட்டால் அந்தக் காட்சியையே எடுத்துவிடலாம் என்கிறாள். மார்ச் கடைசிக்குள் முடிவு. நான் பட்டனுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர மனது கேட்கவில்லை. பழைய விளையாட்டுகளைப் புதுக் கன்சோல்களுக்கு மாற்றுவதுதான் என் வேலை. எத்தனையோ பேர் செய்த எத்தனையோ காட்சிகளை வெட்டியிருக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. இது நானே யோசித்தது. எந்தக் கூட்டத்தில் பேசப் போனாலும் "தட்டித் தட்டி விளையாடுகிற விளையாட்டில் தட்டாமல் இருப்பதே சாவி என்று எப்படித் தோன்றியது?" என்றுதான் கேட்பார்கள். இருபது வயதில் எப்படியோ தோன்றியது என்பேன்.

அன்று நீங்கள் எழுதிவைத்த சோதனை நோட்டு இன்னும் இருக்கிறதா? கேட் காட்சி பற்றி அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். மாயாவிடம் காட்ட ஏதாவது கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ஜானட்


சேசு மரி சூசை

ராயபுரம்,
9-3-2025, தவக்காலம் முதல் ஞாயிறு

அன்பு ஜானட்டுக்கு,

நோட்டு இருக்கிறது. ஷிப்பிங் ஆபீசில் மாமாவுக்குக் கொடுத்த பச்சை அட்டை டைரி. அரிசி டிரம்முக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது, ஓரத்தில் மட்டும் பூச்சி அரித்திருக்கிறது. எந்தப் படத்தில் எதைத் தட்டினால் யார் என்ன சொல்வார், எங்கே நின்றுபோகும் என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நீ கேட்ட பக்கத்தை அப்படியே பார்த்து எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"18-3-2001, ஞாயிறு, மாலை 6. இருந்தவர்கள்: ஜானட், ஃபிர்தௌஸ், நான் (அடுப்படியில்). கேட்டைத் திறக்க ஜானட் சொன்ன வழிகள்: டீ கொடுப்பது, பொய்ப் பாஸ் காட்டுவது, லாரிக்குப் பின்னால் ஒளிவது. மூன்றும் சரியில்லை என்று ஃபிர்தௌஸ் சொன்னாள். மணி அடித்தது. செபம் முடித்து வந்து நான் சொன்னது: சூசை நம்ம ஊர் ஆள், மணி அடித்தால் அவனுக்குக் கேட்டும் தெரியாது லாரியும் தெரியாது, அந்த நேரத்தில் பக்கத்தில் சும்மா நின்றவளை அவனால் விரட்ட முடியாது. ஃபிர்தௌஸ் கை தட்டினாள். ஜானட் உடனே எழுதிக்கொண்டாள். சாம்பார் தீய்ந்தது."

அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

இப்போது பட்டன். நான் படிக்காதவள், பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், கம்ப்யூட்டர் உன்னைப் பார்த்துக் கற்றதுதான். ஆனாலும் கேட்கிறேன். பட்டனை அழுத்தினால் கை கூப்புவது சூசைக்கு லஞ்சம் கொடுப்பது மாதிரி இல்லையா? அவன் கேட்டது கும்பிடு இல்லையே. பக்கத்தில் சும்மா நிற்பதைத்தானே? ஃபிர்தௌஸ் செபம் சொல்லவில்லை, ஆனாலும் அன்று மணி அடிக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட் திறந்திருக்கும்.

வாய்ச்சொல்லாக எழுதவில்லை, சோதித்துவிட்டு எழுதுகிறேன். கையில் பிடித்து: பத்து தடவை, ஒன்றும் இல்லை. மடியில் வைத்து: ஏழில் இரண்டு. கட்டிலில் வைத்துவிட்டு: எட்டில் எட்டு. இந்தக் கட்டில் கணக்கு எப்படி வந்தது என்றால், செவ்வாய்க்கிழமை சாப்பாடு முடிந்து மாமா விளையாட உட்கார்ந்தார். விளையாட்டில் மணி அடிக்கும்போது கண் சொக்கி, கன்ட்ரோலர் நழுவிக் கட்டிலில் விழுந்தது. சூசை கேட்டைத் திறந்து, "வாம்மா" என்றான். தன் குரலிலேயே யாரோ கூப்பிட்டதில் மாமா அலறி எழுந்தார். "யார்ரா அது?" என்று கேட்டாரே பார்க்கணும்!

ஆகவே ஆட்கள் அசையாமல் இருக்க வேண்டாம். கீழே வைத்தால் போதும். இரண்டு தடவை சூசை முகத்தைத் திருப்பின பிறகு, மூன்றாவது தடவை அவனே வாயைத் திறந்து சொல்லட்டும்: "கைல கீறத கீழ வையிம்மா. மணி அடிக்குது."

மாயாவிடம் இதைச் சொல்லிப் பார். அவள் ஒப்பவில்லை என்றால் காட்சியை எடுத்துவிடு. பட்டன் மட்டும் வைக்காதே.

உன் அக்கா,
ஃப்ளோரன்ஸ்


கோத்தன்பர்க்,
28-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

முதலில் நல்ல செய்தி. அந்த வரியைத் திரையில் எழுத்தாகப் போட்டு வேறு பன்னிரண்டு பேரிடம் கொடுத்தோம். பதினோரு பேருக்குத் திறந்தது. பன்னிரண்டாவது ஆள் கீழே வைத்த கன்ட்ரோலரில் அவனுடைய காலே இடித்துவிட்டது, அவனைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கடைசியில் மாயாவே உட்கார்ந்தாள். வரியைப் படித்தாள், மேஜையில் வைத்தாள், காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணி முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் திறந்ததும், "இன்றைக்கு நான் சும்மா இருந்தது இந்த நாற்பது நொடிதான்" என்றாள். பட்டன் போய்விட்டது. சூசை இருக்கிறான்.

அடுத்தது. பச்சை டைரியின் அந்தப் பக்கம். நான் பொய் சொல்லவில்லை அக்கா, நிஜமாகவே எனக்குத் தோன்றியதென்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். "உடனே எழுதிக்கொண்டாள்" என்று இருக்கிறதே, எழுதிய கை என்னுடையது என்பதால் எண்ணமும் என்னுடையதாகிவிட்டது போலிருக்கிறது. சாம்பார் தீய்ந்தது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று உங்களைக் கேலி செய்தேன். பழைய சிடியின் கடைசியில் "வீட்டாருக்கு நன்றி" என்று ஒரு வரி போட்டோம். நீங்கள் அதைப் பார்த்துவிட்டுப் பாயசம் செய்தீர்கள்.

இருபத்துநாலு வருஷம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். போன வாரம் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருந்தேன், கூப்பிட்டுத் திருத்தச் சொல்லிவிட்டேன்.

புது விளையாட்டின் கடைசியில் உங்கள் பெயர் தனியாக வரும். எப்படிப் போட வேண்டும் என்று எழுதுங்கள். சூசையின் புது வரியை மாமா போனில் பேசி அனுப்ப வேண்டும், பழைய குரலோடு ஒட்ட வேண்டும். சுற்றிலும் சத்தம் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

உங்கள்,
ஜானட்


சேசு மரி சூசை

ராயபுரம்,
27-4-2025, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு

அன்பு ஜானட்டுக்கு,

சுற்றிலும் சத்தம் இல்லாத நேரமா? எந்த ஊரில் பிறந்தாய் என்று மறந்துவிட்டாயா? மாமா அந்த ஒரு வரியைப் பதினான்கு தடவை பேசினார். முதல் மூன்றில் கன்டெய்னர் லாரி. நாலாவதில் நீ திரும்பக் கொண்டுவந்த காக்காய். ஒன்பதாவது நன்றாக வந்துகொண்டிருந்தது, "கைல கீறத கீழ" என்று சொல்லும்போது தெருவில் முத்தம்மா "எறாய்!" என்று குரல் கொடுத்தாள்.

"இன்னாம்மே, கம்பெனிக்குக் கதை சொல்லிகினு கீறேன், நீ எறா விக்கற!" என்று மாமா ஜன்னலில் கத்தினார்.

"உன் கதைய நாளைக்கி சொல்லலாம் நைனா, எறா நாளைக்கி வரைக்கும் தாங்குமா?" என்றாள்.

பதினான்காவதைத்தான் உனக்கு அனுப்பினேன். குரல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, பரவாயில்லை. சூசையும் இத்தனை வருஷம் அதே கேட்டில் நின்றவன்தானே.

மன்னிப்புக் கேட்டிருந்தாய். அதை அன்றே மறந்துவிட்டேன் என்று எழுதினால் அந்தப் பொய்யை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டி வரும். மறக்கவில்லை. "வீட்டார்" என்று பார்த்த அன்று கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு திரியவும் இல்லை. உன் பெயர் சிடி அட்டையில் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது, பாயசம் அதற்காகச் செய்தது. இப்போது நீ தருவதை வேண்டாம் என்று சொல்லிப் பெருமை தேடிக்கொள்ள மாட்டேன். "ஃப்ளோரன்ஸ் அருள்நாதன், ராயபுரம்" என்று போடு. ஊர்ப் பெயரை விட்டுவிடாதே. எனக்கு மேலே ஃபிர்தௌஸ் பெயர் வர வேண்டும், கடலை வரைந்தவள் அவள்.

நீ அனுப்பிய முடிந்த விளையாட்டை வியாழக்கிழமை போட்டுப் பார்த்தோம். இருந்தவர்கள்: நான், உன் மாமா, ரோசி, முத்தம்மா, பெரம்பூரிலிருந்து பிரியாணியோடு வந்த ஃபிர்தௌஸ். ஐந்து பேர். கன்ட்ரோலர் ரோசி கையில். சூசை சொன்னதும் அவள் அதைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள். நாம் அன்று மொட்டை மாடியில் நின்று பதிவு பிடித்த அதே மணிச் சத்தம். மூன்று, மூன்று, மூன்று, அப்புறம் விடாமல். மாமா எழுந்து நின்றார். முத்தம்மா கூட வாய் பேசவில்லை, அதுவே புதுமை. நான் கண்ணை மூடாமல் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் திறந்தது. யாரும் உடனே உள்ளே போகவில்லை.

நாலு நிமிஷம் கழித்து நிஜக் கோயில் மணி அடித்தது. மாமா மறுபடி எழுந்தார். "இன்னிக்கி டபுள் டூட்டி" என்றார்.

அவர்கள் போன பிறகு இருந்தவர்கள் பெயரை டைரியில் எழுதினேன். பழைய பக்கத்தில் முதலாவதாக இருந்த பெயர் இதில் இல்லை. ஆறு வருஷமாக எந்தப் பக்கத்திலும் இல்லை. ஜூன் கடைசியில் நம் கோயிலில் ராயப்பர் திருநாள் வருகிறது. உனக்கு அப்போது லீவு உண்டு என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

எந்தத் தேதி வருகிறாய்? சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா,
ஃப்ளோரன்ஸ்