பாஸ்போர்ட்டில் வைத்த பொட்டு

செப். 28, ஞாயிறு

காலையிலிருந்தே வெயில். நேற்றுப் புரட்டாசிச் சனி. பெருமாளைப் பார்க்க வந்த கூட்டம் போட்டுவிட்டுப் போன பேப்பர் கப்பெல்லாம் இன்னும் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் உருண்டுகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை சென்னையில் விசா சென்டர். இன்னும் ஐந்து நாள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஃபைலில் இருக்க வேண்டியவை:
பாஸ்போர்ட் - இருக்கிறது.
பிரைட்டன் ஸ்கூலின் அட்மிஷன் கடிதம் - இருக்கிறது. ஒன்பது மாத இங்கிலீஷ் கோர்ஸ், ஜனவரியில் ஆரம்பம்.
டி.பி. டெஸ்ட் - இருக்கிறது.
பிரின்சிபால் கொடுத்த லீவு கடிதம் - இருக்கிறது. (இந்த ஒரு தடவைதான், அடுத்த வருஷம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.)
"ஏன்" கடிதம் - இன்னும் இல்லை.

அதாவது, இங்கிலீஷ் படிக்க ஏன் இவ்வளவு தூரம் வருகிறாய், உன் ஊரிலேயே படித்தால் என்ன என்பதற்குப் பதில். தில்லைநகர் வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சி மேடம் ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பினார். "எல்லாரும் இதத்தாங்க குடுக்கறாங்க. பேர மட்டும் மாத்திக்கங்க." படித்தேன். பாதி வார்த்தைக்கு எனக்கே அர்த்தம் தெரியவில்லை. விசா ஆபீசர் ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது கதை.

உண்மையான பதில் என்ன? கே.கே. நகரில் ஒன்பது வருஷமாகக் கணக்கு டீச்சர். இந்த வருஷத்திலிருந்து வகுப்பு முழுக்க இங்கிலீஷில்தான். ஜூன் பேரண்ட்ஸ் மீட்டிங்கில் ஒரு அம்மா எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மிஸ், கணக்கு சூப்பரா சொல்லித் தரீங்க. ஆனா நீங்க இங்கிலீஷ் பேசறத எம் பொண்ணு வீட்ல வந்து நடிச்சுக் காட்டறாங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது, நானும் சிரித்தது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸும் போய்ப் பார்த்தாயிற்று. அங்கே சாருக்கே தமிழ்தான் சௌகரியம்.

அப்பா ஜூனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "இங்க இல்லாத இங்கிலீஷா?" அதற்கப்புறம் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் விசா என்றால் அவர் மோட்டார் போடப் போய்விடுகிறார்.

செப். 30, செவ்வாய்

மாதிரிக் கடிதத்தையே பேர் மாற்றி பிரிண்ட் எடுத்துவிட்டேன். போகட்டும்.

அம்மா வீட்டையே கவிழ்த்துப் போட்டுக் கழுவுகிறாள். நாளைக்கு ஆயுத பூஜை. பொரி, கடலை, வாழைக்கன்று வாங்கியாச்சு. அப்பா தன் மைக்ரோமீட்டர், வெர்னியர், அரம் எல்லாவற்றையும் பேப்பரில் பரப்பி எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வருஷம் ஃபேக்டரி லேத்தில் நின்றவர். ரிட்டயராகி, கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வந்து மூன்று வருஷம். அளக்க ஒன்றுமில்லை, ஆனாலும் துடைக்கிறார்.

பாஸ்போர்ட்டை இன்று ஆறு தடவை எடுத்துப் பார்த்தேன். போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. பொட்டு வாங்கியவை: அப்பாவின் டூல்ஸ், என் ஸ்கூட்டி, மிக்ஸி, அரிவாள்மனை, காஸ் அடுப்பு, லேப்டாப், டி.வி. ரிமோட். ரிமோட்டுக்கு எதற்கு என்றால், "அதுவும் வேல செய்யுதுல்ல" என்கிறார் அப்பா.

அம்மா: "அந்த ஃபைலயும் கொண்டா. சரஸ்வதி முன்னாடி வெக்கணும்."

நான்: "விசா ஆபீசருக்கு சரஸ்வதி ரெக்கமண்டேஷன் செல்லாதும்மா."

அம்மா: "வாய மூடிட்டுக் கொண்டா."

வைத்தாயிற்று. வைத்ததை நாளைக் காலை மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. எனக்கோ கை பரபர. நடுவில் அட்மிஷன் லெட்டரில் தேதியை ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று போனேன். "ஒரு நாள் தொடாம இருந்தா செத்தா போயிடுவ?" என்று அம்மா கத்தினாள். உத்தர வீதியை இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன். வந்தபோது அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பூஜை முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னப்பா என்றேன். ஒண்ணுமில்ல என்றார்.

அக். 2, வியாழன்

மறுபூஜை முடிந்ததும் அப்பாவே ஃபைலை எடுத்து என் பையில் வைத்தார். மத்தியான ரயில். ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வரை வந்தார். ரயில் கிளம்பும்போது, "பத்திரம்." அவ்வளவுதான். மூன்று மாதத்தில் இந்த விஷயமாக அவர் சொன்ன இரண்டாவது வார்த்தை. தாம்பரத்தில் பெரியம்மா பெண் வீட்டில் தங்கல். மறுபடி ஃபைலைத் திறக்கவில்லை. திறந்தால் ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டிருப்பேன்.

அக். 3, வெள்ளி

திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். பெட்டி ஆடுகிறது, எழுத்து கோணல். போகட்டும்.

விசா சென்டரில் டோக்கன் கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். அப்போதுதான் பாஸ்போர்ட்டைத் திறந்தேன். போட்டோவில் என் நெற்றியில் பொட்டு! சந்தனம், அதன் மேல் குங்குமம். நட்டநடுவில், அளந்து வைத்த மாதிரி. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பாத்ரூமுக்கு ஓடினேன். கர்சீப்பால் துடைத்தேன். குங்குமம் இழுத்துக்கொண்டு முகம் பூரா சிவப்பு. சானிடைசர் ஊற்றினேன். நகத்தால் சுரண்டினேன். ஓரத்தில் பிலிம் தூக்கிக்கொண்டது. ஈரம் உள்ளே போனது. அடியில் மெஷின் படிக்கிற இரண்டு வரி எழுத்து மங்கிவிட்டது. வெளியே என் டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிறார்கள்.

கவுண்டரில் இருந்தவர் வாங்கிப் பார்த்தார். மெஷினில் வைத்தார். எடுத்தார், மறுபடி வைத்தார்.

"பொட்டா மேடம்?"

"ஆமாங்க. வீட்ல..."

"காலையிலேருந்து இது மூணாவது. ஆயுத பூஜை முடிஞ்சா வரும். பொட்டோட குடுத்திருந்தா காஞ்ச டிஷ்யூல நாங்களே தொடச்சிருப்போம். நீங்க எதுக்குங்க தேய்ச்சீங்க?"

மெஷின் படிக்காது, புது பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வாங்க என்று சொல்லிவிட்டார். கோபம்கூட இல்லை அவருக்கு.

வெளியே வந்து மரத்தடியில் நின்று அப்பாவுக்கு போன். என்ன பேசினேன் என்று அப்படியே எழுதிவைக்கிறேன், பின்னால் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது: "நான் போறது புடிக்கலன்னா நேராவே சொல்லியிருக்கலாம்ப்பா. இப்படிப் பாஸ்போர்ட்ட நாசம் பண்ண வேணாம்."

அப்பா கேட்டது: "சாப்டியாம்மா?"

வைத்துவிட்டேன். சானிடைசர் பற்றிச் சொல்லவில்லை.

அக். 4, சனி

வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை, அம்மாவைத் தவிர. அம்மா மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினாள். "உசுரோட இருக்கற பொண்ணு படத்துக்கு எந்த மனுஷனாவது பொட்டு வெப்பானா? புத்தி எங்க போச்சு?" காலையிலேயே கூட்டத்தில் இடித்துக்கொண்டு தாயார் சந்நிதிக்குப் போய் என் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

அப்பா ஒரே பதில்தான். "நெத்தி வெறும்னு இருந்துச்சு."

நான் சமையல்கட்டில் இருந்தேன், கேட்டேன். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தோசை கருகியது.

மத்தியானம் அப்பா பாஸ்போர்ட்டைக் கேட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். லென்ஸ் வைத்தும் பார்த்தார். ரொம்ப நேரம். "புதுசு எடுத்துடலாம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அக். 6, திங்கள்

லேசான தூறல். ஸ்கூல் முடிந்து தில்லைநகர். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். நவம்பர் பத்துக்குள் விசாவுக்குக் கொடுக்காவிட்டால் ஜனவரி பேட்ச் கிடையாதாம், ஏப்ரல்தானாம். ஏப்ரலுக்கு எனக்கு லீவு இல்லை. அப்படியானால் இல்லவே இல்லை. "டென்ஷன் ஆகாதீங்க" என்று நான்கு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் எனக்கு டென்ஷன் ஏறியது.

பாஸ்போர்ட் அப்ளிகேஷன் போட அப்பாவும் கூடவே வந்தார். வேண்டாம் என்றாலும் வந்தார். போகிற இடமெல்லாம் ஒரே பாட்டு. பிரவுசிங் சென்டரில், ஜெராக்ஸ் கடையில், ஆட்டோக்காரரிடம்கூட: "என் தப்புதாங்க. நான்தான் பொட்டு வெச்சு கெடுத்துட்டேன்." ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்துப் பாவம் என்பதுபோல் உச்சுக்கொட்டினார். எனக்குப் பிடுங்கித் தின்கிறது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். முடியவில்லையே, சீ.

அக். 8, புதன்

பாஸ்போர்ட் எப்படிச் சேதமானது என்று கைப்பட எழுதித் தர வேண்டும். சாயங்காலம் ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்தேன். அப்பா எதிரில். இங்கிலீஷில் ஆரம்பித்தேன்: பூஜையின்போது என் தந்தை என் பாஸ்போர்ட்டில் குங்குமம் வைத்தார், அதனால்...

அப்பா: "அப்பறம் நானே தொடச்சேன்னும் சேத்து எழுதிடும்மா. சானிடைசர் போட்டுத் தொடச்சேன்னு. ரெண்டு பேர் கைன்னு வந்தா கேள்வி கேப்பாங்க."

பேனா நின்றுவிட்டது. சானிடைசர் என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"குங்குமம் பிலிம தூக்காது. ஸ்பிரிட்டுதான் தூக்கும். நகம் போன கோடு வேற இருக்கு, குறுக்கால நாலு. தேய்மானத்தப் பாத்தா எப்படித் தேஞ்சதுன்னு தெரியாதா எனக்கு? அதானே என் வேல."

"அன்னிக்கே தெரியுமா?"

"ம்."

"அப்ப ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"பொட்டு வெச்சது நான்தான? அது பொய்யில்லையே."

அழுதேன். எப்போது கடைசியாக இப்படி மூக்கு ஒழுக அழுதேன் என்று நினைவில்லை. போனில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்காரத் தெரியவில்லை. எழுந்து போய் மோட்டார் போட்டார். டேங்க் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து அம்மா காயப்போட்டிருந்த வத்தல் நனைந்தது. அதற்கும் திட்டு வாங்கினார்.

அந்தப் பேப்பரைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதினேன். ஆறே வாக்கியம். அப்பா வைத்தது அன்பு. தேய்த்தது நான். பயத்தில் தேய்த்தேன். இப்படியே, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். எந்த மாதிரிக் கடிதத்தையும் பார்க்கவில்லை. அம்மாவுக்கும் படித்துத் தமிழில் சொன்னேன். அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். பிறகு அப்பாவுக்குக் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள், கேட்காமலேயே.

அக். 13, திங்கள்

பாஸ்போர்ட் ஆபீஸ். அந்த ஆபீசர் என் கடிதத்தைப் படித்தார். உதட்டோரம் சிரிப்பு. "நீங்களே எழுதினதா?" ஆமாம் என்றேன். "நல்லாப் புரியுது" என்றார். என் இங்கிலீஷை ஒருத்தர் நல்லா இருக்கு என்று சொல்லி இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. புது போட்டோ. பொட்டு வைத்துக்கொண்டுதான் போனேன்.

அக். 20, திங்கள்

தீபாவளி. மழை. வெடி எல்லாம் நமுத்துப் போச்சு. தபால் இன்று வராது என்று தெரியும், ஆனாலும் வாசலுக்கு ஏழு தடவை.

அக். 25, சனி

வந்துவிட்டது! ஸ்பீடு போஸ்ட். அப்பாவிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீயே வெச்சுக்க. எங் கை வேணாம்." இழுத்துக் கையில் திணித்தேன். ஓரத்தை மட்டும் பிடித்து, போட்டோவைப் பார்த்தார். "இதுல பொட்டு இருக்கு" என்றார். ஏதோ பெரிய விஷயம்போல அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மேடத்துக்கு போன். நவம்பர் ஐந்து ஸ்லாட்.

"ஏன்" கடிதத்தை மறுபடி எழுத வேண்டும். சூட்டோடு சூடாக உட்கார்ந்துவிட்டேன்: என் வகுப்பில் ஒரு பெண் என்னை நடித்துக் காட்டுகிறாள். அவள் நடித்துக் காட்ட முடியாதபடி பேச வேண்டும். என் ஊரில் நான் தப்பாகப் பேசினால் தமிழுக்குத் தாவிவிடுவேன். தாவ இடமில்லாத ஊர் வேண்டும். முடித்துவிட்டு அதே வகுப்புக்குத் திரும்பி வருவேன். அவ்வளவே. மேடம் படித்துவிட்டு, "ரொம்ப ஓப்பனா இருக்கேங்க" என்றார். இருக்கட்டும்ங்க என்றேன்.

நவ. 5, புதன்

சென்னை. அதே சென்டர், அதே நாற்காலி. காலையில் தாம்பரத்தில் ஒரு தடவை, இங்கே வந்து மூன்று தடவை பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துவிட்டேன். சுத்தம். விசா கிடைக்குமா தெரியாது. ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள்.

இப்போதுதான் ஃபைலைத் திருப்பினேன். பின்பக்கப் பிளாஸ்டிக் அட்டையில், நட்டநடுவில், அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு. அளந்து ஒட்டியிருக்கிறது. கீழே சின்னத் துண்டுச் சீட்டு, அப்பா கையெழுத்து: "தேய்க்க வேண்டாம். உரித்தால் வந்துவிடும்."

உரித்தேன். வந்துவிட்டது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை, இந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். கூப்பிடுகிறார்கள், நாற்பத்தொன்று, என் நம்பர்தான்