பாதி உங்களிடம், பாதி என்னிடம்

அக்கா,

இன்று காலை அலமாரியின் மேல்தட்டில் கை விட்டபோது முதலில் தட்டுப்பட்டது அந்த மரூன் நூல்தான். நீங்கள் தைத்துத் தந்த தடித்த நாவலின் முதுகில் மெழுகு நூல் இன்னும் விறைப்பாக நிற்கிறது. முகர்ந்து பார்த்தேன். பழைய தாளின் வாசனைக்குள் லேசாகத் தோல் வாசனை. பெரியமேட்டில் தோல் ஜாக்கெட் தைத்த உங்கள் கைப்பையில் எதை வைத்தாலும் அந்த வாசனை ஏறிவிடும், டிபன் டப்பாகூட அதற்குத் தப்பியதில்லை. நான் அலமாரியைத் திறந்தது வேறு ஒன்றைத் தேடி. அதைப் பிறகு சொல்கிறேன். முடிவை முன்னாலேயே சொல்லக் கூடாது என்பது உங்கள் சட்டமாயிற்றே.

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள் அவை. நான் தாம்பரத்தில் வண்டி ஏறி எழும்பூரில் இறங்குவேன். பொழிச்சலூர்க்காரரான நீங்கள் பல்லாவரத்தில் ஏறி, எனக்கு அடுத்து பார்க் ஸ்டேஷனில் இறங்குவீர்கள். மகளிர் பெட்டியில் தினமும் பார்த்துப் பார்த்து முகம் பழகியிருந்தது, அவ்வளவுதான். எனக்குப் புத்தகம் என்றால் அப்போது பாடப்புத்தகம். கடைசிப் பரீட்சை முடிந்ததுமே தலைமுழுகிவிட்டேன். ரயிலில் உட்கார்ந்தால் தூங்குவேன்.

ஒரு நாள் தூக்கம் பிடிக்காமல், பக்கத்தில் இருந்த உங்கள் புத்தகத்துக்குள் கண் போயிற்று. ஒருத்தி விடியற்காலையில் மாமியார் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். வாசலில் யாரோ நிற்கிறார்கள். நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டீர்கள். என்னை அறியாமல் "இருங்க, இருங்க" என்று சொல்லிவிட்டேன்.

"இன்னா தங்கச்சி, கழுத்த ஒடிச்சிக்கினு படிக்கிற? கேட்டா குடுக்க மாட்டனா?"

சொல்லிக்கொண்டே பையிலிருந்து பிளேடை எடுத்தீர்கள். நடுவில் தையலை அறுத்து, நீங்கள் படித்து முடித்திருந்த முன்பாதியைத் தனியாகக் கழற்றி என் மடியில் போட்டீர்கள். எங்கள் வீட்டில் புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

"ஐயோ அக்கா, புத்தகத்தைப் போய் வெட்டலாமா? பாவமில்லையா?"

"துணிய வெட்டாம சட்ட தைக்க முடியுமா? ரெண்டு பேரும் முடிச்சதும் நானே தைச்சிடறேன். கம்முனு படி."

சொன்னபடி தைத்தும் காட்டினீர்கள். கடையில் விற்கும் புத்தகத்தைவிட உங்கள் தையல் கெட்டி. அன்றிலிருந்து எந்த நாவலானாலும் முன்பாதியை முடித்து எனக்குத் தருவீர்கள், பின்பாதியோடு நீங்கள் முன்னே போய்விடுவீர்கள். "அவ புருஷன் திரும்பி வருவானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்களேன்" என்று நான் கெஞ்சினால், "சொல்ல மாட்டேன், நீயா நடந்து வா" என்பீர்கள். மீனம்பாக்கத்திலிருந்து கிண்டி வரை உங்கள் முகத்தைப் பார்த்தே கதை போகும் போக்கை ஊகித்துக்கொண்டு வருவேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்சிக்கும் சைக்கிள் டயருக்கும் நடுவில் குவித்திருக்கும் புத்தகங்களில் நாம் பொறுக்கிய விதத்தை இன்றைக்குச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எழுதியவர் யார் என்று நாம் பார்த்ததே இல்லை. முதுகைத்தான் பார்ப்போம். "ஒட்டுனது வேணாம், உதுந்துடும். தைச்சதா பாத்து எடு." பிரிக்கத் தோதாக இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. அப்படித்தான் ரஷ்யப் பனியும் வந்தது, வங்காளத்துக் கூட்டுக் குடும்பமும் வந்தது, உப்பளத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் கதையும் வந்தது. ரஷ்ய நாவலில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருந்து நம்மைப் படுத்தி எடுத்தபோது, அந்தக் கிழவருக்குப் பம்மல் மாமா என்று பெயர் வைத்தீர்கள். அதன் பிறகு அறுநூறு பக்கமும் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆளுக்கு ஆள் புத்தகப் பட்டியல் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தால் நான் ஓடியே போயிருப்பேன். நான் வாசகியானது உங்கள் பிளேடால்தான் அக்கா.

இன்று கையில் தட்டுப்பட்ட நாவலை நினைவிருக்கிறதா? உதிரிப் பக்கங்களாக வாங்கி, படிப்பதற்கு முன்பே நீங்கள் தைத்தது. மேல் மூலையைக் கரையான் தின்றிருந்ததால் பக்க எண்ணே கிடையாது. நடுவில் குடும்பத்துப் பெரியவர் செத்துப்போகிறார். ஊரே அழுகிறது. கொஞ்ச தூரம் போனதும் பேத்தி கல்யாணப் பந்தியில் அவரே உட்கார்ந்து பாயசம் கேட்கிறார். அவள் பழசை நினைத்துப் பார்க்கிறாள் என்றேன் நான். ஆவி என்றீர்கள் நீங்கள். அந்தச் சண்டையில் பக்கத்து சீட்டு அம்மாவெல்லாம் கட்சி சேர்ந்தார்கள். கடைசியில், பாதியில் நின்ற ஒரு வாக்கியம் எங்கோ தள்ளிப்போய்த் தொடர்வதை நீங்களே கண்டுபிடித்தீர்கள். ஒரு கட்டுப் பக்கங்களை இடம் மாற்றித் தைத்திருந்தீர்கள்.

"பிரிச்சு சரியா தைச்சிடுங்க அக்கா" என்றேன்.

"வுடு, பாவம். கல்யாணச் சாப்பாடு சாப்ட்டுட்டுப் போவட்டும்" என்றீர்கள். அப்படியே விட்டுவிட்டோம்.

சில வருடங்களில் உங்களுக்கு உடம்புக்கு வந்தது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் ஒரு நாவலின் பின்பாதி உங்கள் தலையணைக்கு அடியில் இருந்தது. முன்பாதி என்னிடம். "வூட்டுக்கு வந்து முடிச்சுட்டுத் தரேன்" என்றீர்கள். நீங்கள் வரவில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா கழிந்து உங்கள் வீட்டுக்கார பாய் அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "உங்க கிட்ட குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாம்மா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஒரு பக்கத்தில் மூலை மடித்திருந்தது. அந்த மடிப்பைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நீங்கள் நின்ற இடத்தில் உங்களை விட்டுவிட்டு நான் மட்டும் நடப்பதா? வேறு எத்தனையோ படித்தேன், படிக்காமல் இருக்க முடியாதபடி செய்துவிட்டுத்தானே போனீர்கள். அந்தப் பின்பாதி மட்டும் மேல்தட்டிலேயே கிடந்தது.

நேற்று ரயிலில் அந்த நாவலின் முன்பாதியை மறுபடி படித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் ஆபீஸ் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண். நான் பக்கத்தைத் திருப்பியதும், "ஒரு நிமிஷம்க்கா... சாரி" என்றாள். "கேட்டா குடுக்க மாட்டனா?" என்றேன். உங்கள் வார்த்தை, உங்கள் குரலிலேயே வந்தது. நான் நீட்டிய பாதியை அவள் வாங்கித் திருப்பிப் பார்த்து, "மிச்சம் எங்கக்கா?" என்று கேட்டாள். "நீ இதை முடி, அதுக்குள்ள நான் அதை முடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு என்ன செய்வது? முன்னே போகிறவர்தான் பின்பாதியைப் படித்து வைக்க வேண்டும். இன்று காலை அதைத்தான் தேடினேன். நீங்கள் மடித்த மூலையை விரலால் நீவி நிமிர்த்தினேன். இப்போது உங்களைத் தாண்டிப் பத்துப் பக்கம் வந்திருக்கிறேன் அக்கா. நன்றாக இருக்கிறது. முடிவை உங்களிடமும் சொல்ல மாட்டேன்.

அவளும் முடித்ததும் நானே தைக்கப்போகிறேன். என் தையல் உங்கள் தையல்போல் வராது, பக்கங்கள் இடம் மாறத்தான் செய்யும். மாறட்டும். இந்த நாவலிலும் ஒரு கல்யாணம் வருகிறது. நீங்களும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.